சோத்துக்கத்தாழைக்குப் பதிலா ஆனைக்கத்தாழையை அரைச்சுக் கட்டிட்டாங்க அம்மா. விஷமா இது?

கரிசல்காத்து | வெள்ளி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்மாவுக்கு 63 வயசு. மூட்டுவலி ரொம்ப நாளா இருக்கு. யூடியூப்ல யாரோ கத்தாழையை மஞ்சளோட அரைச்சு முட்டில கட்டுனா வலி ஓடிரும்னு சொல்லியிருக்கார். வீட்டுத் தொட்டியில இருந்த சோத்துக்கத்தாழை போன மழையில அழுகிப்போச்சு. அம்மா நேரா தண்டவாளத்துப் பக்கம் போய், வேலியா நிக்குதே பெரிய கத்தாழை, அதுல ஒரு மடலை அரிவாளால வெட்டித் தூக்கிட்டு வந்துட்டாங்க. "சின்னதுக்கே இம்புட்டு குணம்னா பெருசுக்கு எம்புட்டு இருக்கும்"னு ஒரு கணக்கு.

அம்மியில வச்சு நசுக்கி முட்டில வச்சுத் துணி சுத்தியிருக்காங்க. பத்து நிமிஷம் கூட ஆகல, நெருப்பு பட்ட மாதிரி எரிச்சல். அவுத்துப் பார்த்தா முட்டி செவந்து கெடக்கு. வெட்டும்போது சாறு தெறிச்ச முழங்கையில பொடிப்பொடியா செவப்புப் புள்ளி. தேங்காண்ணெய் தடவியிருக்காங்க, கேக்கல. சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க.

மிச்சத்தை மோர்ல அடிச்சுக் குடிச்சா வயித்துப்புண்ணு ஆறும்னு எடுத்து வேற வச்சிருந்தாங்க. நல்லவேளை குடிக்கல. என்ன செய்யணும்?

டாக்டர்_குறிஞ்சி | வெள்ளி, இரவு 9:52

நான் தோல் மருத்துவர். முதல்ல இதைச் செய்யுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

எண்ணெயைச் சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில நல்லாக் கழுவி எடுங்க. தேய்க்கக் கூடாது. அதுக்கப்புறம் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி மெல்ல உரிச்சு எடுங்க, ஏன்னு பிறகு சொல்றேன். ஈரத்துணி வச்சுக் குளுமைப்படுத்துங்க. அந்தச் சேலையை மாத்தச் சொல்லுங்க, அதுலயும் சாறு இருக்கும். கண்ணைக் கசக்க விடாதீங்க.

ஒரு சோதனை இருக்கு. கண்ணாடி டம்ளர் ஒண்ணு எடுத்து, அதோட பக்கவாட்டை அந்தச் செவப்புப் புள்ளி மேல அழுத்திப் பாருங்க. கண்ணாடி வழியா பார்க்கும்போது செவப்பு மறையுதா, அப்படியே நிக்குதா? காய்ச்சல் இருக்கா?

வைப்பாறு | வெள்ளி, இரவு 10:05

தம்பி, பயப்படாதீங்க. இந்தச் சனியன் எங்களுக்குப் பழக்கம்.

எனக்கு வயசு 71. சின்ன வயசுல எங்க தெருவே கத்தாழை நார் அடிச்சுத்தான் பொழச்சுது. மடலை வெட்டி, ஓர முள்ளைச் சீவி, கட்டுக்கட்டாக் கம்மாய்த் தண்ணியில ஊறப்போட்டுக் கல்லைத் தூக்கி மேல வைப்போம். சதை அழுகினதும் எடுத்துக் கல்லுல அடிச்சு அலசினா வெள்ளை வெளேர்னு நாரு நிக்கும். மாட்டுக்குப் பிடிகயிறு, தும்பு, கட்டில் கயிறு எல்லாம் அதுலதான். அந்த நாத்தம் இருக்கே, அதை எழுத முடியாது.

பச்சையா அடிக்கிறவங்களுக்குக் கை பூரா ஊறல் எடுக்கும். எங்க அப்பத்தா விளக்கெண்ணெய் பூசாம மடலைத் தொடமாட்டா. ஊறப்போட்ட பக்கம் கெண்டையும் கெளுத்தியும் வயித்தைக் காட்டி மெதக்கும், அதுக்கே ஊர்ல சண்டை வரும். இதைப் போய் மோர்ல அடிச்சுக் குடிக்கணும்னு எவன் சொன்னான்?

கரிசல்காத்து | வெள்ளி, இரவு 10:21

டாக்டர், கழுவியாச்சு. டேப் வைக்கவும் கொஞ்சம் எரிச்சல் கம்மின்னு சொல்றாங்க. காய்ச்சல் இல்ல. டம்ளர் வச்சுப் பார்த்தேன். முட்டில செவப்பு மறையுது. முழங்கையில இருக்கிற புள்ளில பாதி மறையல, அப்படியே ஊதா மாதிரி நிக்குது.

டாக்டர்_குறிஞ்சி | வெள்ளி, இரவு 10:40

அப்படின்னா காலையில முதல் வேலையா அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி காய்ச்சல், மூச்சுத்திணறல், முக வீக்கம் எது வந்தாலும் காலைக்குக் காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க. அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு சீட்டை எடுத்துட்டுப் போங்க, குறிப்பா ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு ஏதாவது சாப்பிட்டா சொல்லணும்.

இப்ப ஏன்னு சொல்றேன். மறையாத புள்ளி தோலுக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய் கசிஞ்சதோட அடையாளம். ஆனைக்கத்தாழைச் சாறு பட்டவங்களுக்கு இது வர்றது மருத்துவ இதழ்கள்ல பல தடவை பதிவாகியிருக்கு. அமெரிக்காவுல தோட்டத்துல நின்ன செடியை மோட்டார் ரம்பத்தால அறுத்து, கால் பூரா சாறு தெறிச்சு, ஊதாப் புள்ளியும் காய்ச்சலுமா வந்தவங்க உண்டு. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும். ஆனா 63 வயசு அம்மாவை ஒரு டாக்டர் நேர்ல பார்க்காம நான் இங்க உக்காந்து "சரியாப்போகும்"னு சொல்லமாட்டேன்.

சாறுல ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்ணு, கால்சியம் ஆக்சலேட் படிகம். நம்ம சேனைக்கிழங்கு நாக்கை அரிக்குதே, அதே ஜாதி. ரெண்டு முனையும் கூரான ஊசி மாதிரி, கட்டுக்கட்டா இருக்கும். டெகிலா சாராயம் காய்ச்சுற நீல அகேவ்னு ஒரு செடி, நம்ம ஆனைக்கத்தாழை இனம்தான், அதுல இதை அளந்து பார்த்திருக்காங்க. ஒரு மில்லிமீட்டர்ல பாதிக்கும் கீழதான் நீளம், ஒரே சொட்டுச் சாறுல 100-லிருந்து 150 ஊசி. அந்தச் சாராய ஆலைகள்ல தண்டைக் கையாளுற தொழிலாளிகள்ல ஆறு பேருக்கு அஞ்சு பேர் எப்பவாவது இந்த அரிப்பை அனுபவிச்சிருக்காங்க. வயல்ல வேலை பார்க்கிறவங்கள்ல மூணுல ஒருத்தருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் அறுவடை செய்றவங்களுக்கு. செடி சும்மா நிக்கிறவரைக்கும் ஒண்ணும் இல்ல. வெட்டி நசுக்கும்போதுதான் ஊசி வெளிய வருது. அம்மா அம்மியில வச்சு நசுக்கி, துணி போட்டு இறுக்கிக் கட்டியிருக்காங்க. ஆயிரக்கணக்குல ஊசியைத் தோலுக்குள்ள அமுக்கின மாதிரி. டேப் ஒட்டி எடுக்கச் சொன்னது அதுக்குத்தான்.

ரெண்டாவது சப்போனின். பூந்திக்கொட்டையில நுரை வருதே, அந்தச் சரக்கு. ஊசி போட்ட ஓட்டை வழியா இது உள்ள இறங்கி எரிச்சலைக் கூட்டும். வைப்பாறு ஐயா சொன்ன கெண்டை மெதந்ததுக்கும் இதுக்குப் பங்கு உண்டு. சப்போனின் மீனோட செவுளைக் கெடுக்கும், போதாததுக்கு மடல் அழுகும்போது தண்ணியில இருக்கிற காத்தையும் அது தின்னுடும்.

இயற்கைவழி | சனி, காலை 6:15

டாக்டர்கள் எப்பவும் மூலிகைன்னா பயமுறுத்துவாங்க. கத்தாழைக்குக் குமரின்னு பேரு. கெழவியையும் குமரியாக்கும்னு சித்தர்கள் சொன்னது. பக்குவம் தெரியாம செஞ்சதுக்குச் செடி என்ன பண்ணும்? மெக்சிகோவுல இதே செடியைக் குடிக்கிறாங்க, அவங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே?

பொதிகைச்சித்தன் | சனி, காலை 7:02

@இயற்கைவழி நான் சித்த மருத்துவம் படிச்சவன், எங்க தாத்தாவும் வைத்தியர். அதனால என்னை அலோபதி ஆளுன்னு சொல்ல முடியாது.

குமரின்னு நம்ம நூல்கள் சொல்றது சோத்துக்கத்தாழை. ஆனைக்கத்தாழை, ரயில்கத்தாழை, நார்க்கத்தாழைன்னு நாம கூப்பிடுற அகேவ் வகைகளோட சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். கொலம்பஸ் கப்பல் அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் போறதுக்கு முன்னாடி இந்த மண்ணுல அது கிடையாது. அப்புறம் நாருக்கும் வேலிக்கும் வந்து ரயில் பாதை ஓரமா பரவுச்சு. உருவத்தைப் பார்த்து நம்ம ஆளுங்க "கத்தாழை"ன்னு கூப்பிட்டாங்க. சோத்துக்கத்தாழை வேற குடும்பம். அகேவ் இப்போதைய வகைப்பாட்டுப்படி தண்ணீர்விட்டான் கிழங்கோட குடும்பம்.

இன்னொண்ணு. சோத்துக்கத்தாழையையே அப்படியே யாரும் தின்னச் சொல்லல. வெட்டினதும் தோலுக்கு அடியில இருந்து மஞ்சளா கசப்புப் பால் வடியும். அதை வடியவிட்டு, சோத்தை ஏழு தடவை கழுவித்தான் எங்க தாத்தா எடுப்பார். அந்தப் பால் காஞ்சதுதான் கரியபோளம். பேதிச் சரக்கு. அமெரிக்காவுல அந்தச் சரக்கு சேர்த்த பேதி மருந்துகளைச் சீட்டு இல்லாம விக்கிறதை 2002-லயே நிறுத்திட்டாங்க. கர்ப்பிணிக்கு எங்க வீட்டுல கொடுக்கவே மாட்டாங்க. நல்ல கத்தாழைக்கே இம்புட்டு பக்குவம்னா, நூல்லயே இல்லாத கத்தாழைக்கு யார் சொன்ன பக்குவத்தைப் பிடிக்கிறது?

தொட்டிச்செடி | சனி, காலை 8:30

மெக்சிகோக்காரங்க குடிக்கிறது மடல் சாறு இல்லங்க. நான் கள்ளி, அகேவ் எல்லாம் வளர்க்கிறவன், இதுல கொஞ்சம் கிறுக்கு உண்டு.

பல வருஷம் வளர்ந்த செடி பூக்கப்போற நேரம் பார்த்து நடுக்குருத்தை வெட்டிக் குழி தோண்டிடுவாங்க. அதுல இனிப்பா ஊறுற தண்ணியைத் தினம் ரெண்டு வேளை எடுத்துட்டு, குழியைச் சுரண்டி விடுவாங்க. மாசக்கணக்குல ஊறும். அகுவாமியேல்னு பேரு. புளிச்சா புல்கே. நம்ம பதநீரும் கள்ளும்னு வச்சுக்கங்க, கிட்டத்தட்ட அதே கதை. டெகிலாவுக்கும் மெஸ்கால்ங்கிற இன்னொரு சாராயத்துக்கும் மடலை எல்லாம் சீவி எறிஞ்சுட்டு நடு உருண்டையை மட்டும் அடுப்புலயோ குழியிலயோ நாள்கணக்கா வேகவைப்பாங்க.

2017-ல சீனாவுல ஒரு பெண் நேரலையில சோத்துக்கத்தாழைன்னு நெனச்சு இந்த மடலைக் கடிச்சுச் சாப்பிட்டுச்சு. ரெண்டு வாய்தான். நாக்கு மரத்து, தொண்டை எரிஞ்சு, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாப்போச்சு. பச்சையா தின்னா அதுதான்.

அடையாளம் தெரியாதவங்களுக்கு: மடல் நுனியைப் பாருங்க. ஆனைக்கத்தாழையில கருப்பா, கட்டியா, அரைவிரல் நீளத்துக்கு ஊசி இருக்கும். சோத்துக்கத்தாழையில நுனி குத்தாது. பிச்சுப் பார்த்தா ஒண்ணுல கண்ணாடி மாதிரி சோறு, இன்னொண்ணுல நாரு நாரா இழுக்கும். அந்த நுனி முள்ளைப் பக்குவமா பிடிச்சு இழுத்தா பின்னாடியே நாரும் சேர்ந்து வரும், நூல் கோத்த ஊசி தயார். மெக்சிகோவுல அதை வச்சே தைச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்ச அடையாளம் ஒண்ணு இருக்கு. குருத்துல மடல்கள் ஒண்ணோட ஒண்ணு இறுகி இருந்ததால, பக்கத்து மடலோட முள்வரிசை அச்சு ஒவ்வொரு மடல் மேலயும் கோலம் போட்ட மாதிரி பதிஞ்சிருக்கும். சோத்துக்கத்தாழையில அந்த அச்சு கிடையாது.

மஞ்சள் கரை போட்ட அகேவை ஒரு நர்சரியில "பெரிய ஆலோவேரா"ன்னு சொல்லி என்கிட்டயே விக்கப் பார்த்தாங்க. பேரைக் கேட்டு வாங்காதீங்க.

டொராண்டோ_வாணி | சனி, காலை 9:18

நடுவுல வந்து கேக்கறேன், மன்னிக்கணும். இங்கே கடையில அகேவ் சிரப்னு பாட்டில்ல வர்றதே, அதுவும் இந்தச் செடிதானா? என் ஆத்துக்காரருக்குச் சர்க்கரை. "சர்க்கரை ஏறாது"ன்னு தோழி சொன்னதால ரெண்டு வருஷமா காபியில அதைத்தான் விடறேன். பேத்திக்கு இருமல் வந்தா தேனுக்குப் பதிலா அதையும் கொடுக்கறோம். பயமா இருக்கு இப்போ.

டாக்டர்_குறிஞ்சி | சனி, பகல் 1:10

வாணி அக்கா, அந்த ஊசி பயம் வேண்டாம். சிரப் நடு உருண்டையிலிருந்து எடுத்துக் காய்ச்சி வடிகட்டினது, அரிக்காது.

கவலை வேற இடத்துல. அகேவ் உருண்டையில இருக்கிறது ஃபிரக்டான்னு ஒரு நார்ச்சத்து மாதிரி சரக்கு. ஆலையில சூடாக்கி உடைச்சதும் அது பெரும்பாலும் ஃபிரக்டோஸ் ஆயிடுது. சாதாரணச் சர்க்கரையில பாதி ஃபிரக்டோஸ்னா, இதுல பல பாட்டில்கள்ல 70 சதவீதத்துக்கும் மேல. விரல்ல குத்திப் பார்க்கிற கருவி குளுக்கோஸை மட்டும்தான் எண்ணும், அதனால "ஏறல"ன்னு தெரியும். ஃபிரக்டோஸ் போய் இறங்குறது கல்லீரல்ல. அளவு கூடினா கல்லீரல் கொழுப்பும் ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பும் ஏறும். ஒரு சின்ன கரண்டியால ஒண்ணும் ஆகாது, ஆனா சர்க்கரை நோயாளிக்கு "இஷ்டத்துக்கு விடலாம்"ங்கிற பொருள் இது இல்ல. இதையும் சர்க்கரைக் கணக்குலயே சேருங்க.

பேத்திக்கு என்ன வயசு? ஒரு வயசுக்குக் கீழ தேன் கூடாதுங்கிறது சரி. அதனாலதான் அகேவ் சிரப்பை இருமலுக்குக் கொடுத்துப் பார்த்து 2014-ல பென்சில்வேனியாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. நாலு வயசுக்குட்பட்ட 119 குழந்தைங்க. சிலருக்கு அகேவ், சிலருக்கு நிறமும் மணமும் சேர்த்த வெறும் தண்ணி, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் கொடுக்காதவங்களைவிட ரெண்டு கூட்டமும் நல்லாத் தூங்கினதா பெற்றோர் சொன்னாங்க. ஆனா அகேவுக்கும் வெறும் தண்ணிக்கும் வித்தியாசமே இல்ல. கொடுத்தோம்ங்கிற நிம்மதி நமக்கு, அவ்வளவுதான்.

டொராண்டோ_வாணி | சனி, பகல் 2:03

பத்து மாசம் டாக்டர். இனிமே வெந்நீர்தான். இந்தச் சிரப் பாட்டில் 12 டாலர், அதை நெனச்சாத்தான் வயிறு எரியறது.

இயற்கைவழி | சனி, மாலை 5:45

சரி, மடலைக் குடிக்கக்கூடாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா இது மருந்தே இல்லன்னு முடிச்சுட முடியாது. மெக்சிகோவோட பழைய அஸ்டெக் மக்கள் காயத்துக்குப் போட்டிருக்காங்களே?

வேதியியல்_வாத்தியார் | ஞாயிறு, காலை 10:20

இயற்கைவழி சொல்றதுல உண்மை இருக்கு, அதையும் தள்ளிவிட வேண்டாம்.

16-ம் நூற்றாண்டுல சகாகூன்னு ஒரு ஸ்பானியப் பாதிரியார் மெக்சிகோ மக்கள்கிட்ட கேட்டு அவங்க வைத்தியத்தை எழுதி வச்சார். காயத்துக்கு மகேய், அதாவது அகேவ் சாறு, உப்புச் சேர்த்துப் போடுறது அதுல இருக்கு. பிற்காலத்துல ஆய்வுக்கூடத்துல சோதிச்சப்போ அந்தச் சாறு கிருமி வளர்ச்சியைத் தடுத்தது, உப்பு சேர்ந்தா இன்னும் நல்லா. கெட்டியான இனிப்புச் சாறு தேன் மாதிரி கிருமியிலிருந்து தண்ணியை உறிஞ்சுற வேலையும் செய்யும். அது அந்த மக்கள் தலைமுறை தலைமுறையா எந்தச் செடி, எந்தப் பாகம், எப்பன்னு கண்டுபிடிச்ச கைப்பக்குவம். தண்டவாளத்து மடலை அம்மியில அரைக்கிறது அது இல்ல.

பெரிய மருந்துக்கதை வேற ஒண்ணு இருக்கு. நார்க்கத்தாழை மடல்ல நார் நூத்துக்கு நாலு பங்குதான் தேறும், மிச்சம் எல்லாம் கழிவு. அந்தக் கழிவுச் சாறுல ஹெக்கோஜெனின்னு ஒரு சரக்கு இருக்கு, சப்போனினோட உடம்புன்னு வச்சுக்கங்க. 1950-கள்ல வீக்கத்தை அடக்குற கார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்துக்கு உலகமே அலைஞ்சப்போ, இங்கிலாந்துல கிளாக்ஸோ நிறுவனம் கிழக்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களோட இந்தக் கழிவிலிருந்து ஹெக்கோஜெனினைப் பிரிச்சு, பல படியா வேதிமாற்றம் செஞ்சு ஸ்டீராய்டு மருந்து பண்ணினாங்க. வைப்பாறு ஐயா தெருவுல கம்மாயில அழுகிப்போன சதையில இருந்ததும் அந்தச் சரக்குதான்.

வேடிக்கை என்னன்னா, அந்த அம்மாவுக்கு இப்ப டாக்டர் பூசச் சொல்ற களிம்பும் ஸ்டீராய்டாத்தான் இருக்கும்.

வைப்பாறு | ஞாயிறு, பகல் 12:40

அடேங்கப்பா. நாலு தலைமுறையா கம்மாயில கொட்டினோமே வாத்தியாரே. ஒரு கட்டுக்கு எட்டணா கொடுத்தவன் இதைச் சொல்லவே இல்ல.

முள்ளைப் பத்தியும் யாராவது எழுதுங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு விரல் கணுவுல நுனி முள் ஏறி ஒடிஞ்சது. மேல ஆறிப்போச்சு, ரெண்டு மாசமா விரல் மடங்கல.

டாக்டர்_குறிஞ்சி | ஞாயிறு, இரவு 8:15

சரியாச் சொன்னீங்க ஐயா. மூட்டுக்குள்ள தாவர முள் துணுக்கு தங்கிட்டா, வெளிக்காயம் ஆறின பிறகும் வாரக்கணக்குல வீக்கம் போகாது. சாதாரண எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன்ல தேடணும், சிலசமயம் திறந்துதான் எடுக்கணும். முள் குத்தின கதையை டாக்டர்கிட்ட சொல்ல மறந்துடறாங்க, அதான் தொல்லை. கண்ணுல முள்ளோ சாறோ பட்டா வீட்டு வைத்தியமே வேண்டாம். சாறுன்னா கால்மணி நேரம் சுத்தத் தண்ணியில கழுவிக்கிட்டே கெளம்புங்க. முள்ளுன்னா கழுவாம, பிடுங்காம அப்படியே போங்க.

ஆடு மாடு வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸ் பக்கம் லெச்சுகுய்யான்னு ஒரு சின்ன அகேவைப் பஞ்சகாலத்துல தின்ன ஆடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட முகமும் காதும் வீங்கிச் சாகும். நம்ம ஊர்ல இருக்கிறது வேற வகை. ஆனாலும் வெட்டிப்போட்ட மடலைத் தொழுவத்துப் பக்கம் போடாதீங்க.

கரிசல்காத்து | வெள்ளி, மாலை 6:30

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சனிக்கிழமையே ஆஸ்பத்திரி போய்ட்டோம். டாக்டர் பார்த்துட்டு ரத்தப் பரிசோதனை எடுத்தார், எல்லாம் சரியா இருக்கு. ஒரு களிம்பும், அரிப்புக்கு ராத்திரி மாத்திரையும். வாத்தியார் சொன்ன மாதிரியே அது ஸ்டீராய்டு களிம்புதான், அட்டையைப் படிச்சுப் பார்த்தேன். முட்டி நாலு நாள்ல சரியாப்போச்சு. முழங்கையில புள்ளி இப்ப தவிட்டு நிறமா மங்கிட்டு வருது. மூட்டுவலிக்குத் தனியா எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்காங்க, திங்கக்கிழமை போறோம்.

நேத்து பக்கத்து வீட்டு அக்கா அதே வீடியோவைப் பார்த்துட்டு, "நீங்க வெட்டிட்டு வந்தீங்களாமே, மிச்சம் இருந்தா ஒரு துண்டு கொடுங்க"ன்னு கிண்ணத்தோட வந்தாங்க. அம்மா ஒண்ணும் பேசல. முழங்கையைத் திருப்பிக் காட்டினாங்க. அக்கா கிண்ணத்தை எடுத்துட்டுப் போய்ட்டாங்க.

எல்லாருக்கும் நன்றி.

வைப்பாறு | வெள்ளி, இரவு 7:05

சந்தோசம் தம்பி. அந்த மிச்ச மடலை எங்க போட்டீங்க? கம்மாயில போட்டுறாதீங்க, மீன் குத்தகை எடுத்தவன் வந்து நிப்பான்.

கரிசல்காத்து | வெள்ளி, இரவு 7:11

கையுறை போட்டுக் குழி தோண்டிப் புதைச்சாச்சு ஐயா. அம்மியை மூணு தடவை கழுவியும் அம்மா இன்னும் அதுல சட்னி அரைக்க மாட்டேங்கிறாங்க.